வாக்கிங் மேடத்தின் மாமனார்

அறுவை சிகிச்சை வார்டில் அவளுக்கு 'வாக்கிங் மேடம்' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வீட்டோடு சரி. பிசியோதெரபிஸ்ட் வேலை. வயிற்றைத் திறந்து மூடிய மறுநாளே ஆளைக் கட்டிலை விட்டு இறக்கி நடக்க வைப்பாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும், அதுவரை அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் குறட்டை விட ஆரம்பிப்பார்கள். அவளா ஏமாறுகிற ஆள்?

"தூங்குறவர் கால் கட்டைவிரலை ஆட்டமாட்டாரே சார்" என்று போர்வையை உருவுவாள்.

ஒரு வக்கீலின் செல்போனைக் கடைசி ஜன்னலில் கொண்டுபோய் வைத்தே அவரை நடக்க வைத்தாள். "பக்கத்துக் கட்டில்காரர் உங்களை முந்திட்டாரு" என்று இரண்டு பக்கமும் கோள் மூட்டி, இரண்டு வியாபாரிகளை வராந்தாவில் பந்தயம் விட்டாள். பாவ புண்ணியம் பார்த்தால் இந்த வேலை நடக்காது. கத்தி பட்ட குடல் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். ஆள் நடந்தால்தான் அதுவும் எழுந்திருக்கும்.

அப்பேர்ப்பட்டவள், சொந்த மாமனாரே அதே வார்டில் வந்து படுத்தபோது வாயடைத்துப் போனாள்.

மாமனார் தையல்காரர். குடலில் அடைத்திருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து மனிதர் அசையவில்லை.

"புதுத் தையலை இழுக்கக் கூடாதும்மா. என்ன நூலோ, எப்படி முடிச்சுப் போட்டாங்களோ. நான் பாத்தேனா?"

மாமியார் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தாள். "அவரைப் படுத்தாதடி, பாவம்" என்பாள். மருமகளோ வார்டையே விரட்டுகிறவள், ஆனால் வீட்டில் மாமா முன்னால் குரலை உயர்த்தாதவள். "மாமா, கொஞ்சம்..." என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

வயிறு உப்பிக்கொண்டே போனது. குமட்டலும் சேர்ந்துகொண்டது. சர்ஜன் தட்டிப் பார்த்துவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள காத்து பிரியலைன்னா மூக்கு வழியா டியூப் போட்டுடலாம். இப்படியே படுத்திருந்தா நெஞ்சுல சளி வேற கட்டும்" என்றார். அந்த வயதில் சளி கட்டினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவளுக்குத் தெரியும். பயந்துவிட்டாள். பயம்தான் கடைசியில் வாயைத் திறந்தது.

"மாமா, நம்ம கடையில பேன்ட் தைச்சா, போட்டு உட்கார்ந்து எழுந்து பாருன்னுதானே சொல்வீங்க? பாக்காம யாரையாவது கொண்டுபோக விட்டிருக்கீங்களா?"

"அதெப்படி விடுவேன்? கடையில கிழிஞ்சா நான் இருக்கேன். ஆபீஸ்ல போய்க் கிழிஞ்சா?"

"அப்போ நீங்க மட்டும் பாக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகப் போறீங்களாக்கும். தைச்சவரு மாடியிலதான் இருக்காரு. இப்பவே பாத்துடுங்க."

மாமனாரின் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "ட்ரயல் பாக்காம எடுக்கிறது தப்புத்தான்" என்றார். அவள் சொன்னபடி ஒருக்களித்துப் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். அவரோ நாலடிக்கு ஒருதரம் நின்று, "தாங்குது" என்று வார்டுக்கே அறிவித்தார். இன்னும் நாலடி. "நல்ல கைதான்."

வராந்தா முனையில் திரும்பும்போது அந்தச் சத்தம் வந்தது. சின்னச் சத்தமில்லை. தூங்குவதாக நடித்த இருவர் கண்ணைத் திறந்துவிட்டார்கள். மாமனார் அங்கிருந்த கதவை முறைத்தார். மற்றவர்களிடம் கூசாமல் கேட்கிற கேள்வியை மாமாவிடம் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

"இந்தக் கதவுக்கு எண்ணெய் போடணும்" என்றார் அவர்.

"ஆமா மாமா" என்றாள் அந்த அசடு.

சாயங்காலம் சர்ஜன் வந்தார். பின்னால் நர்ஸ், தட்டில் டியூப்.

"காத்து பிரிஞ்சுதா ஐயா?"

மாமனார் மருமகளைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். "இல்லீங்க."

மூக்கில் குழாய் ஏறினாலும் ஏறட்டும், மருமகள் முன்னால் மானம் போகக் கூடாதாம். இந்தக் கௌரவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

"பிரிஞ்சுது டாக்டர். நான் கேட்டேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"அது கதவும்மா" என்றார் மாமனார், விட்டுக்கொடுக்காமல்.

யாரை நம்புவதென்று சர்ஜன் முழித்தார். நர்ஸ் கையுறை மாட்டத் தொடங்கினாள். அப்போது ஸ்டூலை விட்டு எழுந்தாள் மாமியார்.

"கதவாம் கதவு! இத்தனை வருஷமா இந்தக் கதவோடதானே குடித்தனம் பண்றேன். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? இங்க வரைக்கும் கேட்டுது. டியூப்பை எடுத்துட்டுப் போங்க டாக்டர்!"

வார்டு சிரித்த சிரிப்பில் குறட்டைக்காரர்கள் எல்லாம் பிடிபட்டார்கள். சர்ஜன் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்தார். உள்ளே கடமுடா என்று ஓடிக்கொண்டிருந்தது. கையைக் காட்டியதும் நர்ஸ் தட்டோடு திரும்பிப் போனாள். வாக்கிங் மேடம் சுவரில் சாய்ந்துகொண்டு, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

"நீ ஏன்டி அழறே?" என்று மாமியார் அதட்டினாள். "போ, அவரைப் பிடி. இன்னொரு தடவை நடக்க வெச்சுக் கூட்டிட்டு வா."