சொதி விருந்தும் ஸ்காட்லாந்துப் பியரும்

எங்கள் மருமகன் ஸ்காட்லாந்தில் பியர் காய்ச்சுகிறார். இந்த ஒரு வரியை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து என் கணவர் பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லி வைத்தது 'உணவுத் தொழில்நுட்பம்'. பிஸ்கட் கம்பெனி என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டு ஆண்கள் குடிக்காதவர்கள் அல்ல. நன்றாகவே குடிப்பார்கள். ஆனால் கேட்டால் யாரும் குடிப்பதில்லை. விசேஷ வீட்டில் பந்திக்கு முன்னால் ஒருவர், "டிஷ் திரும்பிக் கெடக்கு போலயே" என்பார். ஒரு டி.வி. டிஷ்ஷைத் திருப்ப ஆறு பேர் மொட்டை மாடிக்கு ஏறுவார்கள். கூடவே எவர்சில்வர் டம்ளர்களும் ஏறும். இறங்கி வரும்போது எல்லார் வாயிலும் ஏலக்காய். அந்த ஏலக்காயை டப்பாவில் நிரப்பி வைப்பது நான்தான்.

கல்யாணம் முடிந்து சொதி விருந்து. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் போட்டே ஆகவேண்டிய சாப்பாடு அது. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்களும் மிதக்கும். சாப்பிட்டவன் எழுந்து நடந்துவிட்டால் சமையல் சரியில்லை என்று அர்த்தம். அன்று காலையில் மருமகன் ஆறு சின்னப் பாட்டில்களைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் கணவரிடம் நீட்டினார்.

"மாமா, இது நான் காய்ச்சினது. குடிச்சுப் பாத்துட்டு உள்ளதச் சொல்லுங்க."

இவர் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "எதுக்கு மாப்ள இதெல்லாம்" என்றார். பிறகு நேராகப் போய் ஃப்ரீசரில், மல்லிகைப் பூவுக்கு அடியில் வைத்து மூடினார்.

தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்த மருமகன் அதைப் பார்த்துவிட்டார். "அத்தை, அதக் குளிர வைக்கக் கூடாது. வாசனையெல்லாம் அடங்கிப் போயிரும்" என்றார். "மாமாகிட்டச் சொல்லுங்க" என்றேன். "குடுக்கும்போதே சொன்னேன். 'நான் எங்க மாப்ள அதெல்லாம்'னு சிரிக்காரு."

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். சும்மா விடுவேனா, உட்கார வைத்துக் கேட்டேன். தேங்காய் துருவ ஆரம்பித்த நான் துருவி முடிக்கும்வரை சொன்னார். ஸ்காட்லாந்துக் குளிருக்கு பார்லி நன்றாக விளையுமாம். பியருக்குக் கசப்புக் கொடுக்கிற ஹாப்ஸ் கொடி விளையாதாம். அதனால் அந்தக் கசப்பைக் கொஞ்சமாகப் போட்டு, முளைகட்டிய பார்லியை அள்ளிப் போடுவார்களாம். முதலில் வடியும் கெட்டிச் சாற்றைக் கொப்பரையில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் நிறம் கறுத்து, சர்க்கரைப் பாகு வாசனை வரும். பிறகு குளிர்ந்த இடத்தில் அவசரமில்லாமல் புளிக்கவிட்டு மாதக்கணக்கில் ஆறப்போட வேண்டும். பழைய நாளில் பீப்பாய்க்கு எத்தனை ஷில்லிங்கோ அதுவே பெயர். இருப்பதில் கனமானதைக் குட்டிப் பாட்டிலில் அடைத்ததால் இதற்கு 'வீ ஹெவி', அதாவது குட்டிக் கனம், என்று பெயர் வந்ததாம்.

"கோதுமைப் பாலைக் கிண்டிக் கிண்டி அல்வா ஆக்குற மாதிரின்னு சொல்லுங்க" என்றேன்.

"அதேதான் அத்தை!" என்று துள்ளினார் மனிதர்.

எதோடு சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். நெருப்பில் வாட்டிய ஆட்டுத்தொடை, புகைபோட்ட மீன், பூசணம் பூத்த பாலாடைக்கட்டி என்றார். வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சேர்க்காத வீட்டில் உட்கார்ந்து! சிவசிவா என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்புறம் அவரே மெதுவாகச் சொன்னார். "எங்கப்பா ஒரு வாய் குடிச்சுப் பாத்ததில்ல அத்தை. அம்பாசமுத்திரத்துல யாரு கேட்டாலும் பையன் பார்லி வியாபாரம்னுதான் சொன்னாரு. சாகுற வரைக்கும் அப்படித்தான். மாமாவாவது நல்லாருக்குன்னோ நல்லால்லைன்னோ ஒரு வார்த்தை சொல்லட்டும்."

 அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல், "டிஷ் திரும்பிக் கெடக்கு போலயே."

பூ எடுக்கிறவர்போல என் கொழுந்தனார் வந்து, ஃப்ரீசரிலிருந்த பாட்டில்களைத் துண்டோடு அள்ளிக்கொண்டு மாடியேறினார். மருமகனும் எழுந்தார். "நானும் போகட்டா?"

"நீங்க போனா அவுக குடிக்க மாட்டாக மாப்ள. மரியாதை."

"யாருக்கு மரியாதை?"

"உங்களுக்குத்தான்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தான் காய்ச்சியதை, தனக்குத் தெரியக்கூடாது என்று, தனக்கு மரியாதை கொடுப்பதற்காகத் தன் தலைக்கு மேலே ஒளிந்து குடிக்கிறார்கள். இதை எடின்பரோவில் போய் யாரிடம் விளக்குவார், பாவம்!

சற்று நேரத்தில் என் கொழுந்தனார் இறங்கி வந்தார். "மைனி, அண்ணனுக்குத் தலைவலி. ஒத்தடம் குடுக்க ஐஸ்கட்டி வேணும்."

"எத்தன தலைக்கு?" என்றேன். ஒரு போணிப் பாத்திரம் நிறைய அள்ளிக்கொண்டு ஓடினார். மாடியில் டம்ளருக்குள் கட்டிகள் விழும் சத்தம் கேட்டது. மருமகன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏலக்காய் மணக்க எல்லாரும் இறங்கினார்கள். டம்ளர்களும் பாட்டில்களும் கழுவும் தொட்டிக்கு வந்தன. ஒரு பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. ஐஸ் படாதது, வெயிலில் நின்று குளிர்ச்சி விட்டிருந்தது. சுற்றிலும் பார்த்தேன். கரண்டியில் கொஞ்சம் சொதி, பாட்டிலில் ஒரு வாய். அடேயப்பா! முதலில் பாகு, அப்புறம் வறுத்த தானியம், கடைசியில் நெஞ்சுக்குள் இளஞ்சூடு. இன்னொரு வாய் குடித்தேன். பிறகு பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டேன்.

பந்தி உட்கார்ந்தது. சம்பந்தியம்மாள், உறவுக்காரர்கள், எதிர் எதிர் வரிசையில் மாமனாரும் மருமகனும். சோறும் சொதியும் விழுந்தன. நான் இஞ்சிப் பச்சடித் தூக்குடன் வந்துகொண்டிருந்தேன். அப்போது மருமகன் நேராகக் கேட்டுவிட்டார்.

"மாமா, எப்படி இருந்துச்சு?"

"எது மாப்ள?" என்றார் இவர், இலையைப் பார்த்துக்கொண்டே. "அதா? நான் அதெல்லாம் தொடுறதே இல்லயே. வாங்குனதுக்கு வச்சிருக்கேன்."

மருமகனின் கை சோற்றிலேயே நின்றது. எனக்கு வந்ததே கோபம்! இப்படி ஒரு பிள்ளையை இரண்டு அப்பன்மார் சேர்ந்து ஏமாற்றுவதா?

"நான் குடிச்சேன்" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நல்லாருக்கு மாப்ள. சொதியோட அப்படி ஒட்டுது. ஆனா இந்த இஞ்சிப் பச்சடிக்கு மட்டும் ஆகாது."

சம்பந்தியம்மாள் வாயைத் திறந்தவர் மூடவில்லை. கொழுந்தனாருக்குப் புரையேறியது. என் கணவர் முகம் சிவந்து தலையைத் தூக்கினார். மானம் போனதற்காகத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இஞ்சிக்கு ஆகாதா? ஏளா, ஒனக்கு வாயி செத்தா போச்சு? இஞ்சிப் பச்சடியத் தொட்டுக்கிட்டாத்தான் அது எடுக்கும்! அந்த இனிப்புக்கு இந்தக் காரம் வேணும்லா. மூணு டம்ளர் குடிச்சவன் சொல்லுதேன்!"

பந்தியில் மோர் ஊற்றுகிறவன்கூட நின்றுவிட்டான். சொன்னது என்னவென்று இவருக்கே அப்போதுதான் உறைத்தது. வேட்டியைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஐஸ் போட்டிருக்கப்படாது மாப்ள" என்றார், குரல் இறங்கி. "நல்லா காய்ச்சியிருக்கீக."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார். என்ன மாப்ள என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, "இஞ்சி காரம்" என்றார்.

அவர் இலைக்கு நான் இன்னும் இஞ்சிப் பச்சடி வைத்திருக்கவில்லை.