இரண்டாவது மனு

எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, சாய்ந்த மின்கம்பத்தை மாற்ற, எதற்கும். நான் எழுதிய மனு திரும்பி வராது என்று ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவளே நான்தான்.

எங்கள் வீடு கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஒரு கூட்டுரோட்டை ஒட்டி இருந்தது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, ஒரு நாள் காலையில் பள்ளிக்குப் புறப்பட்ட என் மகளின் சைக்கிளை, சிதம்பரம் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனது. அவளுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. டிபன் பாக்ஸ் தகடாக நசுங்கிக் கிடந்தது. அன்றைக்கே உட்கார்ந்து, கூட்டுரோட்டில் சிதம்பரம் பக்கம் வேகத்தடை வேண்டும் என்று மனு எழுதினேன். வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினேன்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுக்கக் கடலூருக்குப் போனபோது எதிர்வீட்டுக்காரி துணைக்கு வந்தாள். அவள் கணவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. எங்கள் பக்கம் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வரிசையில் வெகுநேரம் நின்று எங்கள் முறை வந்ததும், கலெக்டரைப் பார்த்த எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் என் கையிலிருந்து மனுவை வாங்கி நீட்டினாள்.

"சார், தெனம் புள்ளைங்கள ரோட்டுக்கு அனுப்பிட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கோம்."

அவளுக்கு அப்போது பிள்ளையே கிடையாது! ஆனால் கலெக்டர் நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் பேப்பரில் அவள் படம் வந்தது. படத்தின் ஓரத்தில் தெரிந்த புடவைத் தலைப்பு என்னுடையது.

அதற்குப் பிறகு தெருவில் எல்லார் வாயிலும் அவள்தான். "அவுங்க பேசுனதாலதான் நம்ம காரியம் நடக்கப்போவுது" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். மூடி மறைக்க ஒன்றுமில்லை, எனக்கு வந்தது சுத்தமான பொறாமை. அவள் வாசலில் யாராவது நின்று பேசினால் இங்கே ஜன்னலைச் சாத்துவேன். அவள் முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பினால், உப்பு ஜாஸ்தி என்று தொடாமலேயே சொல்வேன். என் பெண்ணுக்குப் பட்ட அடியை வைத்து இவள் பேர் வாங்கிவிட்டாளே என்று சோறு இறங்கவில்லை.

மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு இரண்டாவது மனு எழுதினேன். சிதம்பரம் பக்கம் வேகத்தடை தேவையில்லை, கடலூர் பக்கம்தான் வேண்டும் என்று. கடலூர் பக்கம் என்றால் என் வீட்டு வாசல். அங்கே வந்துவிட்டால் அது என்னால் வந்தது என்று ஊர் சொல்லும் அல்லவா? மறுபடி எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். "அதே விஷயந்தான்" என்றேன். நான் எழுதியதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அவள் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் இடம் பார்க்க ஒரு இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். தெருவே கூடியது. அவர் கையில் இரண்டு மனுவும் இருந்தன.

"ஒண்ணுல அந்தப் பக்கம்ங்கறீங்க, இன்னொண்ணுல அது வேணாம் இந்தப் பக்கம்ங்கறீங்க. ரெண்டும் ஒரே ஆளு எழுதுனது. கையெழுத்துப் போட்டதும் அதே ஆளுங்க. வெளையாடுறீங்களா? மொதல்ல நீங்க பேசி முடிவு பண்ணுங்க, அப்புறம் வரேன்."

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. ரோடு அப்படியே பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. இன்ஜினியர் ஜீப்பில் ஏறக் கால் வைத்துவிட்டார். அப்போது எதிர்வீட்டுக்காரி முன்னால் போய் இரண்டாவது மனுவைக் கேட்டு வாங்கினாள். மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தாள்.

"ரெண்டு பக்கமும் வேணும் சார். அக்கா அவசரத்துல மாத்தி எழுதிட்டாங்க. இதுல என் பேரு மட்டும் விட்டுப்போச்சு, பேனா குடுங்க" என்று, ஜீப்பின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு பக்கமும் வேகத்தடை வந்தது. பஸ்கள் முனகிக்கொண்டே ஏறி இறங்கின. அவள் யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்றது. சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் நானே அவள் வீட்டுப் படியேறினேன்.

"ரெண்டாவது மனு அவசரத்துல எழுதுனது இல்ல. வேணும்னேதான் எழுதுனேன்" என்றேன்.

"தெரியுமே அக்கா" என்று சிரித்தாள். "சாயங்காலம் டியூஷன் முடிஞ்சு ஒங்க பொண்ணு கடலூர் பக்கமாத்தான ரோட்டத் தாண்டி வருது. பெத்தவங்களுக்குத்தான் அது தோணும். எனக்குத் தோணலயே."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த மனுவை எழுதி முடிக்கும் வரை என் மகளின் நினைப்பு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.