சென்ட் கடையை உடைத்த நாள்

ஏரல் கடைத்தெருவில் இன்றைக்கும் என்னைக் கண்டால் சிலர் ஒதுங்கி வழி விடுவார்கள். பயமா மரியாதையா என்று நான் கேட்டதில்லை. ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியால் சொந்தப் புருஷனின் கடையை உடைத்தவள் என்பதை அவர்கள் மறக்கவில்லை. நானும்தான்.

அது சென்ட் கடை. டின்னில் வரும் கெட்டி வாசனை எண்ணெயோடு, வாசம் நாள் முழுக்க நிற்பதற்காக நிறமில்லாத இன்னொரு எண்ணெயையும் கலந்து, சின்னச் சின்னப் புட்டிகளில் அடைத்து விற்பார் என் கணவர். எல்லாம் வெறுங்கைதான். கலப்பதும் சிந்தியதைத் துடைப்பதும் அந்தக் கை. மத்தியானம் சோற்றைப் பிசைவதும் அதே கை. போதாததற்குத் தலைக்கு ஜெல், முகத்துக்குச் சிவப்பாக்கும் கிரீம், அக்குளுக்கு ஸ்ப்ரே. கல்லிடைக்குறிச்சிக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மரிக்கொழுந்து சென்ட் பூசியிருந்தார். ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசம் அடுப்படிக்கு வந்துவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. “வயித்துல ஒரு புழு பூச்சி தங்கலியே” என்பது என் மாமியாருக்கு வாய்ப்பாடு. கொடியில் துணி காயப்போடும்போதுகூடச் சொல்வார். சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். சந்தனக் கிண்ணத்தில் நான் விரல் வைத்ததும், “ஏட்டி, நீ தொடாத” என்று அத்தனை பேர் முன்னாலும் என் கையைத் தட்டிவிட்டார். கிண்ணம் கவிழ்ந்து என் சேலையெல்லாம் சந்தனம். வீட்டுக்கு வந்ததும் வடித்து வைத்திருந்த சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் அடித்தேன். சோறு சுவர் வரைக்கும் தெறித்தது.

“இனிமே நான் தனியா டாக்டர்ட்ட போக மாட்டேன். நீங்களும் வரணும். இல்லேன்னா அடுத்த பானை உங்க தலையிலதான்” என்று கணவரிடம் சொன்னேன். வந்தார்.

பாளையங்கோட்டையில் இருவருக்கும் பரிசோதனை நடந்தது. என்னிடம் ஒரு குறையும் இல்லை. அவருக்கு விந்தணு மிகவும் குறைவு; இருப்பதிலும் பாதிக்கு மேல் ஓட்டமில்லை. டாக்டரம்மா அவருடைய தொழிலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்.

“சென்ட்டு, ஸ்ப்ரே, கிரீம்னு பல பொருள்ல தாலேட்னு ஒரு ரசாயனம் சேக்குதாங்க. நீங்க கலக்குற எண்ணெயும் அந்த வகைதான். ஆண்களோட ஹார்மோனை அது குழப்புதுன்னு ஒரு சந்தேகம் உண்டு. உங்களுக்கு இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வேற காரணமும் இருக்கலாம். ஆனா நாள் பூரா அதுலயே கை வைக்கீங்களே. மூணு மாசம் அதைத் தொடாம இருங்க. புது அணு ஊறி வர அவ்வளவு காலம் ஆகும். பொறவு திரும்பப் பாப்போம்.”

என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். ஏரல் பஸ் வந்து நின்றதும் அதன் தகரத்தில் ஓங்கிக் குத்தினார். மறுபடியும் குத்தினார். விரல் முட்டி கிழிந்து ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. கண்டக்டர் இறங்கி ஓடி வந்தார். “பஸ்ஸு உமக்கு என்னவே செஞ்சுது?” எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ரத்தக் கையால் என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். “ஏளா, அம்மைக்குத் தெரியக் கூடாது. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.” பாவமாக இருந்தது. பண்ணிக் கொடுத்தேன்.

டின்களைக் கடையின் பின்னறையில் தள்ளிவிட்டு, வெளியிலிருந்து அடைத்து வரும் புட்டிகளை மட்டும் விற்றார். ஜெல்லையும் ஸ்ப்ரேயையும் நானே குப்பையில் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் கையை மோந்து பார்ப்பேன். துளி வாசம் இருந்தாலும் சீயக்காய் போட்டுத் தேங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்ப்பேன். “போலீஸ் நாய் தோத்துரும் உங்கிட்ட” என்பார். சிரித்துக்கொள்வோம். அத்தையின் புழு பூச்சிப் பாட்டு மட்டும் நிற்கவில்லை. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. சரக்கு எடுக்கப் போவதாகக் காலையில் கிளம்பியவர் சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே அத்தையும் இறங்கினார், பட்டுச்சேலையில். வழக்கம்போல் அவர் கையைப் பிடித்தேன். கையில் ஒன்றுமில்லை. வாசம் கழுத்திலிருந்து வந்தது. மரிக்கொழுந்து.

அவர் கையை உதறினேன். அந்த சென்ட்டை அவர் எதற்குப் பூசுவார் என்று எனக்குத் தெரியாதா?

“யாரைப் பாக்கப் போனீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். அத்தைதான் பதில் சொன்னார். “மணிமுத்தாறு பக்கம் ஒரு பிள்ளையைப் பாத்துட்டு வாரோம். உன்னால ஆகல, என்ன செய்ய? பஞ்சாயத்துல பேசி உன்னைத் தீத்து விட்டுட்டு அவளைக் கட்டி வைப்பேன்.”

மகன் தன் குறையை அறிந்தே இன்னொருத்தி முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு அவள் கையையும் சந்தனக் கிண்ணத்திலிருந்து தட்டிவிடுவார்கள். அவளை நினைத்தபோதுதான் எனக்கு வெறி ஏறியது.

வீட்டுக்கு முன்பக்கம்தான் கடை. கம்பியை மாட்டி ஷட்டரைத் தூக்கினேன். அந்தக் கம்பியாலேயே முதல் அலமாரியை அடித்தேன். கண்ணாடி மழையாகக் கொட்டியது. ரோஜா, மல்லிகை, தாழம்பூ எல்லாம் ஒன்றாகி மூச்சை அடைத்தது. பின்னறை டின்களை உருட்டி வந்து குத்தினேன். எண்ணெய் வாசல்படி தாண்டி வழிந்தது. என் முழங்கையில் கண்ணாடி கிழித்து ரத்தம் ஓடியது. அடுத்த பாத்திரக்கடை அண்ணாச்சி “ஏம்மா, பைய, பைய” என்று கிட்டே வந்தார். கம்பியை ஓங்கினேன். அவர் தன் கடைக்கே போய்விட்டார்.

தெரு கூடிவிட்டது. “மலடிக்கு வந்த திமிரைப் பாருங்க!” என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டு கத்தினார்.

சத்தியமாவது ஒன்றாவது, சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். என் கணவர் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். வழிந்த எண்ணெயை இரண்டு கையாலும் வாரி வாரி ஒரு டின்னில் ஊற்றிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரைக்கும் நனைந்திருந்தது.

எனக்கு எல்லாம் மறந்துபோனது. “கையை எடுலே!”

புருஷனை லே போட்டுக் கூப்பிட்டதில் தெருவே அடங்கியது. கம்பியை எறிந்துவிட்டு அவர் சட்டையைப் பிடித்துத் தெருக்கோடி அடிபம்புக்கு இழுத்துப் போனேன். ஒரு கையால் பம்பை அடித்து, மறு கையால் அவர் கையைத் தண்ணீருக்குள் அழுத்தித் தேய்த்தேன். கண்ணாடி குத்தி இரண்டு பேர் ரத்தமும் கலந்து ஓடியது. அத்தை பின்னாலேயே வந்து நின்று மறுபடி “மலடி” என்றார்.

“அவளைச் சொல்லாத. கொறை எனக்கு” என்றார் அவர். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது.

“சத்தமாச் சொல்லு. தெருவுக்குக் கேக்கல” என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தார். “கொறை எனக்குத்தாம்மா! டாக்டர் சொல்லியாச்சு! இவளுக்கு ஒண்ணுமில்ல!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் கையிலிருந்து வாசம் இன்னும் போகவில்லை. நான் பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன்.