ஓங்கிலுக்கு ஆறிய காயம்

நெடுந்தீவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடல் முழங்கால் ஆழம்தான். வெயில் ஏறினால் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. போன வருடம் நான் லீவில் வந்திருந்தபோது, அப்படியொரு பகலில், ஓர் ஓங்கில், அதுதான் டொல்பின், வழிதவறி வந்து பவள முருகைக்கற்களுக்கு நடுவே கிடந்தது.

அண்ணை கடற்தொழில் செய்கிறவர். வலையில் பட்டால்கூட ஓங்கிலை விட்டுவிடுவார். இருவருமாக ஈரச் சாக்கால் அதைப் போர்த்தி, மெல்ல மெல்ல ஆழத்துக்குத் தள்ளினோம். அவித்த முட்டை போல வழுவழுப்பான தோல். விலாவில் ஆறிப்போன பழைய தழும்புகள். ஒரு தடவை பெரிதாக மூச்சு விட்டது, பிறகு நீலத்துக்குள் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தள்ளும்போது அண்ணையின் கையைக் கல் கிழித்திருந்தது. எங்கள் ஆட்களுக்குக் காயமென்றால் கடல் தண்ணீர்தான் மருந்து. அண்ணைக்கு நீரிழிவு வேறு.

நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலையே இதுதான்: திமிங்கிலம், ஓங்கில் போன்றவற்றின் நோயெதிர்ப்புக் கலங்களில் உள்ள ஏற்பிகள் பற்றீரியாவை எப்படி அடையாளம் காண்கின்றன என்று பார்ப்பது. ஏற்பிக்குக் கண் கிடையாது. பற்றீரியாவின் வெளிச்சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு மூலக்கூறு இருக்கிறது. அது வந்து பொருந்தினால் போதும், ஆள் புதிது என்று ஏற்பி உடம்புக்கு அறிவித்துவிடும். வீக்கமும் காய்ச்சலும் அதனால்தான். ஓங்கிலின் முன்னோர் தரையில் நடந்தவை. அவை கடலுக்குள் இறங்கி எத்தனையோ காலம் புதுக் கிருமிகளோடு பழகியதில் அந்த ஏற்பிகளும் அங்கங்கே மாறியிருக்கின்றன.

"ஓங்கிலுக்கு உந்தத் தண்ணியிலதானே பிள்ளை காயம் ஆறுது," என்றார் அண்ணை.

பதில் எனக்குத் தெரியும். நீங்கள் கடலுக்குப் போய்வருகிறவர், அது கடலாகவே ஆனது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் மனம் இன்னும் அந்த நீலத்தைவிட்டு வரவில்லை. சிரித்தபடி அவருடைய கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தேன். மூன்று நாள், காலையும் மாலையும்.

மூன்றாம் நாள் பின்னேரம் முழங்கை வரை வீங்கிவிட்டது. காய்ச்சலில் பிதற்றினார். மறுநாள் காலைப் படகில் அந்தச் சூடான கையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவருடைய ஏற்பிகள் ஆளைக் கண்டுபிடித்துக் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. ஆய்வுகூடத்துக்காரிக்குத்தான் கேட்கவில்லை. வெட்கத்தில் கடலைப் பார்க்கவும் மனமில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கோபப்பட்டார். கையை எடுக்க வேண்டியும் வரலாம் என்றார். யார் இதைக் கடலில் கழுவச் சொன்னது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணை முந்திக்கொண்டார்.

"நான்தான் கழுவினனான். இவ படிச்சவ, வேண்டாமெண்டுதான் சொன்னவ."

கை தப்பியது. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். ஊரில் இப்போதும் அண்ணை அப்படித்தான் சொல்லித் திரிகிறார். நான் இதுவரை யாரிடமும் அதைத் திருத்தவில்லை.