சம்பளத்துக்கு மறுநாள் ஊசி

என் மகள் செல்விக்கு முதலில் வலித்தது வலது முழங்கால். இரண்டு நாளில் அது சரியாகி, இடது கணுக்கால் வீங்கியது. வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் கேரளத்துப் போனக்காடு எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறவர்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணில் தொடங்கி மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) என்றார் டாக்டரம்மா. இதயம் இன்னும் பெரிதாகக் கெடவில்லை, காப்பாற்றிவிடலாம் என்றும் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"இருபத்தொண்ணு திவசத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. கொறே வருஷம் எடுக்கணும். ஒண்ணுகூட முடக்கக்கூடாது, கேட்டோ."

இருபத்தொரு நாளுக்கு ஒன்று, பல வருஷம், ஒன்றைக்கூட விடக்கூடாது என்பது எங்களுக்குப் புரிந்தது. முதல் நாலைந்து ஊசி நாள் தவறாமல் போட்டோம். பிள்ளை பழையபடி மேட்டில் ஓடினாள். அதுதான் எங்கள் கண்ணைக் கட்டியது.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சம்பளத்துக்கு மறுநாள்தான் எல்லாரும் பஸ் ஏறி டவுனுக்கு இறங்குவோம். மற்ற நாளில் இறங்கினால் ஒரு நாள் வேலை போகும்.

"ஊசியையும் அன்னைக்கே வச்சுக்கிடுவோம். பத்து நாள் தள்ளிப்போனா என்ன?" என்று கேட்டது நான்தான்.

"டாக்டரம்மா வையுமே" என்றார் வீட்டுக்காரர்.

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாங்க."

படுத்துக் கிடக்கிற பிள்ளைக்கு எதையும் விற்றுச் செய்வோம். ஓடியாடுகிற பிள்ளைக்கு ஒரு நாளை விட மனசு வராது. கொழுந்து மிகுந்து கூடுதல் கூலி கிடைத்த இரண்டு மாதம் அந்த ஊசியும் போடவில்லை.

பதினொரு வயதில், பள்ளிக்கூட மேட்டில் மூச்சு வாங்கிப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. மைட்ரல் வால்வு (இதயத்துக்குள் ரத்தத்தை ஒரே பக்கமாக விடும் கதவு) சுருங்கிக் கசியத் தொடங்கியிருந்தது. ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா ஊசி அட்டையை விரித்துத் தேதிகளைப் பார்த்தார்.

"எந்தா அம்மே இது? ஏன் முடக்கினது?"

கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த செல்வி சொன்னாள்: "எனக்கு ஊசின்னா பயம் டாக்டர். வரமாட்டேன்னு நான்தான் அழுதேன்."

அவள் ஒரு தடவைகூட அழுததில்லை.

வால்வை மாற்றினார்கள். பிழைத்தாள். இப்போது பக்கத்தில் படுத்தால் உலோக வால்வு மூடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. மேட்டில் அவள் நிற்கிற இடத்திலெல்லாம் நானும் நிற்கிறேன். எங்களுக்கு மாதம் என்பது போய்விட்டது. இருபத்தொரு நாள்தான் கணக்கு.

பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நீங்களும் நாளைத் தள்ளாதீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று டாக்டரம்மா என் பிள்ளையைத்தான் திட்டினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.