பூவிருக்கா என்று கேட்ட பாட்டு

பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "ஏகாம்பரம் அண்ணன் போய்ட்டாருப்பா. காலையில கதவு தொறக்கல, உள்ள போய்ப் பாத்திருக்காங்க" என்றார் எங்கள் கச்சேரிக் குழுவின் தபேலாக்காரர். லைட்ஹவுஸ் குப்பத்து வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை.

"ஏரி மேல வர்ற காத்தே, அவ கொண்டையில பூவிருக்கா?" இந்தப் பாட்டு இல்லாமல் நம் பக்கத்தில் கல்யாணக் கச்சேரி ஏது? அதைக் கட்டியவர் அவர்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பாட, பக்கத்தில் கீபோர்டு வாசித்த எனக்கே வெகுநாள் தெரியாது. ஒருமுறை, கச்சேரி இல்லாத நாளில், கரையில் அவர் மீன்வலை சரிசெய்துகொண்டிருந்தபோது அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று கேட்டேன். ஏரியின் எதிர்க்கரை ஆந்திரக் கிராமத்திலிருந்து தன் நைனாவோடு பழவேற்காட்டுக்குக் கருவாடு விற்க வந்த கமலாவைப் பற்றிச் சொன்னார்.

"நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். ஒருநாள் நைனா மட்டும் வந்தாரு. பொண்ணுக்குக் கண்ணாலம் முடிஞ்சிச்சுன்னாரு."

அன்று படகில் தனியாகத் திரும்பும்போது பிறந்த பாட்டு அது. பாட்டில் அவள் பெயரே இல்லையே என்றேன். "பேரு வெச்சா ஒருத்திக்குத்தான் பாட்டு. வெக்கலன்னா யாரு வேணா எடுத்துக்கலாம்" என்றார்.

அப்படி எடுத்துக்கொண்ட ஒருவரைப் பிறகு பார்த்தோம். எளாவூர் தாண்டி ஒரு பகல் கல்யாணம். மணப்பெண்ணின் அம்மா மேடை அருகே வந்தார்.

"அண்ணா, பூவிருக்கா பாட்டு பாடுங்க. சண்டை போட்டா எங்க வூட்டுக்காரரு இதைப் பாடித்தான் என்னைச் சிரிக்க வெப்பாரு. இப்ப அவரு இல்ல."

ஏகாம்பரம் அண்ணன் அவரையே பார்த்தார். அந்த அம்மாவுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. "பாடுறேம்மா" என்று முழுப்பாட்டையும் பாடினார். அந்த அம்மா தூணோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாடி முடித்துத் தண்ணீர் குடித்த பிறகுதான் என்னிடம் சொன்னார். "கமலா."

"போய்ச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

"இன்னாத்துக்கு? அந்தப் பாட்டுல அவ வூட்டுக்காரரு கீறாரு. நான் போய் நடுவுல நிக்கவா?"

திரும்பும் வழியில் வேன் செக்போஸ்ட்டைத் தாண்டியது. அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏம்பா, அவரு சுதி சேந்து பாடியிருப்பாரா?"

"பாடியிருப்பாருண்ணே."

தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பூவிருக்கா?" என்று பாடிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர் போல அவர் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளியை நான் ஏதாவது வாசித்து நிரப்பிவிடுவேன். "அத்த அப்படியே வுடேன்பா" என்பார். நான் அந்தப் பேச்சைக் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் வேறொருவர் அதைப் பாடினார். அந்த இடம் வந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மண்டபம் ஒரு கணம் அடங்கியது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மௌனம்தான்.