பெற்றோருக்கு மட்டும் சொன்ன காய்ச்சல்

டார்வின் நகரில் வேப்பமரம் ஒரு களை. நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தின் வேலியோரம் நிற்கும் வேம்பில், வெட்டுவதற்கு அடையாளமாகச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எங்கள் மாத்தளைப் பக்கம் அதன் ஒரு கொத்து வாசலில் தொங்கினால், உள்ளே அம்மை என்று தமிழர், சோனகர், சிங்களவர் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சி அந்தப் படியில் கால் வைக்கமாட்டாள். வேப்பிலை கிருமியைத் தடுக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் அது ஆள் பார்த்துச் சொல்லாது.

இங்கே ஆள் பார்த்துத்தான் சொல்கிறார்கள். நான் நாலு மாதக் கர்ப்பிணி. இரண்டாம் மாதமே மேலாளர் ஹெலனிடம் சொல்லிவிட்டேன். போன வாரம் நான் மூக்குத் துடைத்து, நாப்பி மாற்றி, மடியில் தூங்கவைத்த மூன்று பிள்ளைகளுக்கு அறை வாங்கியதுபோல் கன்னம் சிவந்தது. அது ஒரு வைரஸ் காய்ச்சல். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வயிற்றிலிருக்கும் சிசுவைச் சில வேளை கொன்றுவிடும். பெற்றோருக்கு அன்றைக்கே மின்னஞ்சல் போனது. எனக்குச் சொன்னது, மறுநாள் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய்.

“பெற்றோர் எல்லாருக்கும் அனுப்பினோமே,” என்றார் ஹெலன்.

“நான் பெற்றோர் இல்லையே.”

“இன்னும் ஐந்து மாதத்தில் ஆகிவிடுவீர்கள்.” சிரித்தார். வாழ்த்துவதாக நினைத்துக்கொண்டார்.

டாக்டர் இரத்தம் எடுத்துவிட்டு, சின்ன வயதில் இது வந்ததா என்று கேட்டார். உக்குவளையிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்.

“ஒருக்கா காம்பராவுல அத்தன புள்ளைகளுக்கும் கன்னம் செவந்துச்சு. ஒனக்கும்தான். ஒன்னையும் அங்கதானே வச்சிருந்தேன்.”

“அப்ப நீங்க?”

“எனக்கு அப்ப அஞ்சு மாசம். அது தங்கல.”

“தொரை ஒன்னும் கேக்கலையா?”

“கேட்டாரே. புள்ளைகள யாரு பாக்குறதுன்னு கேட்டாரு. மூணாம் நாளே என்னைய வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பிட்டாங்க.”

அந்தக் காய்ச்சல்தான் காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அப்போது யாரும் கேட்கவே இல்லை. தோட்டத்தை நடத்திய துரையும் ஹெலனும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவருக்கும் பிள்ளை பார்க்கிறவள் இரண்டு கை மட்டும்தான். அவளுக்கு வயிறு கிடையாது.

இரத்த முடிவு வந்தது. எனக்குப் பழைய தொற்று, இனி வராது. “அதிர்ஷ்டம்,” என்றார் டாக்டர். அம்மாவின் காம்பராவில் வாங்கிய காய்ச்சல்தான் டார்வினில் பிறக்கப்போகும் என் பிள்ளையைக் காத்திருக்கிறது. அந்தக் காம்பராவில் என் தம்பியையோ தங்கையையோ காக்க எதுவும் இருக்கவில்லை. இதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

திங்கட்கிழமை அந்த மூன்று பிள்ளைகளின் அறைக்கு ஒரு நேபாளப் பெண் புதிதாக வருகிறாள். வேலியோர மரத்தில் ஒரு கொத்து ஒடித்து, ஊழியர் கதவில் கட்டினேன். “களையை உள்ளே கொண்டுவராதீர்கள்,” என்று ஹெலன் அவிழ்த்துக் குப்பையில் போட்டார். நான் இன்னொன்று ஒடித்தேன். இந்த முறை அதன் கீழே, உள்ளே என்ன காய்ச்சல் என்று ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன். தாள் ஹெலனுக்கு. கொத்து யாருக்கு என்று, வேம்பு வளரும் நாட்டிலிருந்து வரும் அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.